எமிலி எழுதாத கடிதம்

எமிலி இறந்த செய்தி வந்தபோது என் கையில் சாம்பார் வாளி இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம், பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மணவூரிலிருந்து அவருடைய கணவர் ஆபிரகாம் கூப்பிட்டார். "சார், எமிலி போயிடுச்சு சார். டீ கேட்டுச்சு. போட்டு எடுத்துகினு வர்றதுக்குள்ள..." என்றார். அதற்கு மேல் அவர் பேசவும் இல்லை, போனை வைக்கவும் இல்லை. நானும் "ஆங், ஆங்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் நாலு தட்டுக்குச் சாம்பார் ஊற்றினேன். அப்புறம்தான் வாளியைக் கீழே வைத்தேன்.

உங்களில் பெரும்பாலோர் எமிலியை ஒரு முறைக்கு மேல் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மூளை முடக்குவாதம் வந்த பிள்ளைகளுக்காகத் திருத்தணியில் நாங்கள் நடத்தும் இந்த இல்லத்திலிருந்து மாதம் ஒரு தடவை உங்களுக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் வரும். உங்கள் பெயர் போட்டு ஆரம்பிக்கும். நீங்கள் வந்து சாப்பாடு போட்ட நாள், அன்று நீங்கள் ஊட்டிவிட்ட பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். 'அன்புடன், எமிலி' என்று முடியும். அந்த எமிலிதான். இந்தக் கடிதம் உங்கள் பெயர் போட்டு ஆரம்பிக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். போடத் தெரியாமல் இல்லை. அந்த யோக்கியதையை நானே கெடுத்துக்கொண்டேன். இல்லத்தின் செயலாளர் தணிகாசலம் எழுதுகிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் எமிலி எங்களிடம் வேலைக்கு வந்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருந்த பிரவுசிங் சென்டரை மூடியதால் அங்கே வேலை போய், இங்கே வந்தவர். அதுவரை நன்கொடையாளர்களுக்கு நான்தான் கடிதம் எழுதுவேன். 'மதிப்பிற்குரிய நன்கொடையாளர் அவர்களுக்கு' என்று தொடங்கி, போன மாதம் இத்தனை பிள்ளைகள், இத்தனை சக்கர நாற்காலிகள் என்று போகும். எல்லோருக்கும் ஒரே கடிதம். எமிலி வந்த முதல் வாரமே அதைப் படித்துவிட்டு, "ரேஷன் கடை போர்டு மாதிரி கீது சார்," என்றார். "அரிசி வந்துச்சு, சர்க்கரை வரலைன்னு. இத்தப் படிச்சிட்டு யாரு சார் பதில் எழுதுவாங்க?" எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய கடிதம் அது. அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் அந்த வேலையை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மலைக்கு வந்து மொட்டை போட்டு, காது குத்தி, கீழே இறங்கியதும் யார் நினைவாகவாவது இங்கே ஒரு வேளை சாப்பாடு போடுவீர்கள். ரசீது எழுதும்போது "எங்க நைனா பேர்ல போட்டுடுங்க" என்பீர்கள். நாங்களும் போட்டுவிடுவோம். அப்படி எங்கள் ரசீதுப் புத்தகத்தில் பாதிப் பெயர் காலமானவர்களுடையது. அதை யோசிக்காமல், நகரியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குத் தனியாக அனுப்பும் நன்றிக் கடிதத்தில் 'அன்புள்ள கோவிந்தசாமி அவர்களே, நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்' என்று நான் எழுதி வைத்திருந்தேன். எமிலி பார்த்துவிட்டார். "அவரு போயி பதினோரு வருஷம் ஆச்சு சார். நலமா இருந்தா நமக்கு இன்னாத்துக்கு அன்னிக்கு வடை பாயசம் போடறாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு ஒரு மாதம் உட்கார்ந்து, கொடுப்பவர் யார், யார் நினைவாகக் கொடுக்கிறார் என்று பட்டியலையே இரண்டாகப் பிரித்து எழுதினார். அந்த மாதம் முழுக்கச் சாயங்கால ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயிலில்தான் மணவூர் போனார்.

நீங்கள் பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது ஒரு பெண் தண்ணீர்ச் செம்போடு கூடவே நின்றிருப்பாரே, அவர் எமிலிதான். எதுவும் கேட்க மாட்டார். நீங்களாகச் சொல்வதைக் கேட்டுக்கொள்வார். நீங்கள் போனதும் பட்டியலின் கடைசிக் கட்டத்தில் அதை எழுதி வைப்பார். அந்தக் கட்டத்துக்கு 'கவனம்' என்று தலைப்பு. அதில் இருப்பவை கடிதத்தில் போடுவதற்கு என்றுதான் வெகு நாள் நினைத்திருந்தேன். போடக்கூடாதவைதான் அதில் அதிகம் என்பது எனக்குத் தெரியாது. அம்மையார்குப்பத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பெயருக்கு நேரே அவர் எழுதியிருந்ததை, அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இங்கே சொல்கிறேன்: 'மகன் வெளிநாட்டில் இருக்கிறார். ஆறு வருடமாகப் பேசுவதில்லை. குடும்பத்தோடு வாருங்கள் என்று எழுத வேண்டாம்.' அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் ஆடிக் கிருத்திகைக்குக் 'குடும்பத்தோடு வாருங்கள்' என்று கடிதம் வரும்போது, அவருக்கு மட்டும் 'வாருங்கள் டீச்சர்' என்று போகும்.

எமிலியோடு வேலை செய்வது சுலபம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒன்றாம் தேதி போக வேண்டிய கடிதம் எட்டாம் தேதிதான் போகும். அனுப்பும் முன்னால் ஐந்தாறு பேருடைய கடிதங்களைத் தன் முகவரிக்கே அனுப்பி, சமையல் வசந்தாவைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். வசந்தா எங்கே திக்குகிறதோ அந்த வரியை எடுத்துவிடுவார். அடுப்பில் குழம்பு கொதிக்கும், வசந்தா கரண்டியோடு வந்து படித்துக்கொண்டிருப்பார். நான் வாசலில் நின்று கத்துவேன். ஒரு தடவை, "ஆளுக்கு ஒரு வரி மாத்தறதுக்கு இன்னாத்துக்கு ஒரு வாரம்? அதான் நமக்கு எல்லார் விஷயமும் தெரியுமே," என்றேன். எமிலி கணினியை விட்டுத் திரும்பாமலே பதில் சொன்னார்: "தெரியும்னு காட்டிக்கறதுக்கு இல்ல சார் இந்த லிஸ்ட். எத்த விட்டுட்டு எழுதணும்னு பாக்கறதுக்கு."

அந்தப் பேச்சை நான் அன்றே காதில் வாங்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

போன வருடம் அவருக்கு மூச்சுத் திணறல் தொடங்கியது. நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகும் நோய் என்றார்கள். ரயில் நிலையத்திலிருந்து இல்லம் வரைக்கும் நடந்து வருபவர், நடுவில் இரண்டு இடத்தில் நிற்க ஆரம்பித்தார். இந்த ஆனி மாதம் சென்னையில் ஒரு மருத்துவமனையில் படுத்துவிட்டார். அதே மாதத்தில், எங்களுக்குப் பல வருடமாக உதவிய ஒரு கம்பெனி இனிமேல் இயலாது என்று இரண்டே வரியில் எழுதிவிட்டது. பிசியோதெரபி செய்பவர் இருவரில் ஒருவர் நின்றுகொண்டார். மாடி விடுதியை மூட வேண்டும் என்ற பேச்சு வந்தது. அங்கே தங்கியிருந்த பிள்ளைகளில் சிலரைக் கழிவறைக்குக் கொண்டுபோகக்கூட வீட்டில் ஆள் கிடையாது. நான் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

அந்தச் சமயம் பார்த்துச் சென்னையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். எங்களைப் போன்ற இல்லங்களுக்கு நன்கொடை திரட்டுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். கொடுப்பவரைப் பற்றி உங்களிடம் இருக்கும் தகவலையெல்லாம் பயன்படுத்துங்கள், இந்தக் கடிதம் எனக்காகவே எழுதப்பட்டது என்று அவருக்குத் தோன்ற வேண்டும் என்று பேசினார் ஒருவர். எனக்கு உடனே எமிலியின் 'கவனம்' கட்டம் ஞாபகத்துக்கு வந்தது. கையில் இவ்வளவு வைத்துக்கொண்டா பிச்சைக்காரன் மாதிரி நிற்கிறோம் என்று தோன்றியது. ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாள் இருந்தது. ஊருக்குள் காவடிகள் வர ஆரம்பித்துவிட்டன, தெருவெல்லாம் அரோகரா. நான் அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

எப்படிச் செய்வது என்று எமிலி எனக்குக் காட்டியிருந்தார். கடிதத்தில் ஓர் இடத்தில் கட்டத்தின் தலைப்பை மட்டும் போட்டால் போதும். அவரவருக்கு நேரே அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ, அதைக் கணினியே எடுத்து வைத்து முந்நூறு பேருக்கும் தனித்தனியாக அனுப்பிவிடும். நான் பட்டியலில் முதல் இரண்டு பேரைப் பார்த்தேன். ஒருவருக்கு 'பேத்தி பத்தாவது பாஸ், வாழ்த்தலாம்' என்று இருந்தது. அடுத்தவருக்கு 'மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது' என்று இருந்தது. போதும் என்று நினைத்தேன். 'உங்களை நாங்கள் மறக்கவில்லை' என்ற வரிக்கு அடுத்து அந்தக் கட்டத்தை வைத்தேன். 'இப்போது எங்களுக்கு நீங்கள் தேவை' என்று கீழே எழுதினேன். வழக்கம்போல 'அன்புடன், எமிலி' என்று முடித்தேன். வசந்தாவைக் கூப்பிடவில்லை. பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நீங்கள் ஒவ்வொருவரும் எதைப் பற்றிப் பேசக்கூடாது என்று எமிலி பொத்திப் பொத்தி எழுதி வைத்திருந்தாரோ, அது அன்று மதியம் உங்கள் வீட்டுக்கு வந்தது. உங்களுக்கு மட்டும் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நம் பக்கத்தில் பெரியவர்களுக்கு ஏது மின்னஞ்சல்? மகன் முகவரி, மகள் முகவரி, மருமகன் முகவரி என்று யாருடையதையோ கொடுத்திருந்தீர்கள். யாருக்குத் தெரியக்கூடாதோ அவர்களே படித்தார்கள். எந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை எழுதியது போதும்.

நான் டீக்கடையிலிருந்து திரும்புவதற்குள் போன் வர ஆரம்பித்துவிட்டது. முதலில் வந்த பெண் திட்டவில்லை, அழுதார். அதற்கப்புறம் வந்தவர்கள் திட்டினார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எமிலியா இப்படிப் பண்ணுச்சு?" நான் "விசாரிக்கிறேங்க" என்றேன். விசாரிக்கிறேன் என்றுதான் சொன்னேன். அன்று சாயங்காலம் எமிலியே மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார். யாரோ அவருக்கும் சொல்லியிருந்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "என் பேர்லதான சார் போச்சு. நான்தான் அனுப்பினேன்னு இருக்கட்டும். உங்க மேல நம்பிக்கை போயிட்டா இல்லமே போயிடும். பசங்க எங்க சார் போவும்?"

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் வாய் வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அதில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

மருத்துவமனையிலிருந்து எமிலியை வீட்டுக்கு அனுப்பினார்கள். மணவூரில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், மூக்கில் குழாயோடு அவர் உங்களுக்குப் போன் செய்வார். "மெயில்ல பண்ண தப்பை மெயில்ல சரி பண்ண முடியாது சார். வாயால தான் கேக்கணும்," என்பார். ஒரு நாளைக்கு நாலு பேர், மூச்சு நன்றாக இருந்தால் ஐந்து பேர். "நான் எமிலி பேசறேங்க. என் தப்புதாங்க. மன்னிச்சிடுங்க" என்று சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் சிலர் வைத்துவிடுவார்கள். மறுநாள் திரும்பக் கூப்பிடுவார். நான் வாரம் ஒரு முறை பழம் வாங்கிக்கொண்டு போய், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு தடவை ஆபிரகாம் பொறுக்க முடியாமல், "டாக்டர் பேசவே கூடாதுன்னு சொல்லிகீறாரு. யாரு சார் பண்ண தப்புக்கு இது இப்படிப் பேசிகினு கெடக்குது?" என்று என்னிடமே கேட்டார். எமிலி கையை அசைத்து அவரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டார்.

அடக்கத்துக்கு உங்களில் ஏழெட்டுப் பேர் வந்திருந்தீர்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து தறி வைத்திருக்கும் ஒரு பெரியவர் வந்திருந்தார். அவர் வீட்டில் நான் செய்த சேதம் சின்னதில்லை. கல்லறையில் மண் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார். "போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுச்சுங்க. மூச்சு இழுத்துகினு கேட்டுச்சு. சரி போம்மான்னேன். ஆனா மனசு ஆறல. என் வூட்டு விஷயத்த அதுகிட்டதான் சொன்னேன், வேற யார்கிட்டயும் சொல்லல. இப்படிப் பண்ணிடுச்சே," என்றார். சவப்பெட்டி உள்ளே இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஐயா, இதை நீங்கள் யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டால், அன்று உங்கள் பக்கத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றவன்தான் அதைச் செய்தவன்.

அதற்கு அடுத்த வாரம், இனிமேல் இந்த 'கவனம்' கட்டமே வேண்டாம், அழித்துவிடலாம் என்று பட்டியலைத் திறந்தேன். நானும் அதில் ஒரு நன்கொடையாளன். என் மனைவியின் நினைவு நாளுக்கு வருடா வருடம் சாப்பாடு போடுகிறேன். என் பெயருக்கு நேரே இரண்டு வரி இருந்தது. முதல் வரி பழையது: 'மனைவியைப் பற்றிக் கேட்கலாம். பேசினால் சந்தோஷப்படுவார்.' இரண்டாவது வரி மணவூரில் கட்டிலில் படுத்துக்கொண்டு போனிலிருந்து எழுதியது: 'ஆடி மாதக் கடிதத்தைப் பற்றி இவரிடம் பேச வேண்டாம். உடைந்துபோயிருக்கிறார்.' தனக்குப் பிறகு இந்த வேலைக்கு வரப்போகிறவர் யாரோ, அவருக்காக எழுதி வைத்திருக்கிறார். நான் அந்த மேசையிலேயே தலையை வைத்து அழுதேன்.

இந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம் என்று எங்கள் அறங்காவலர் ஒருவர் சொன்னார். "செத்தவங்க எடுத்துகினு போன பழி அவங்களோட போகட்டும். இத்த அனுப்பினா மிச்சம் இருக்கறவங்களும் போயிடுவாங்க, நாமே கேட்டுக்குப் பூட்டுப் போட்டுக்கற மாதிரி," என்றார். அவர் சொல்வது நடக்கலாம். ஏற்கெனவே உங்களில் பாதிப் பேர் பதில் எழுதுவதில்லை. மாடி விடுதியை மூடிவிட்டோம். ஆறு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம். அதில் ஒருத்தி, வண்டியில் ஏற்றும்போது கம்பியைப் பிடித்த கையை விடவே இல்லை. ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. இந்த இல்லம் அடுத்த ஆடிக்கு இருக்குமா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் இனி எமிலியின் பெயரைத் தின்றுகொண்டு அது இருக்க வேண்டாம். இது உதவி கேட்டு எழுதும் கடிதம் இல்லை. அடியில் வங்கிக் கணக்கு எண் போடவில்லை. பட்டியலில் உங்களைப் பற்றி இருப்பதை அழித்துவிடச் சொன்னால் நீங்கள் சொல்லும்போதே அழித்துவிடுகிறேன்.

எமிலியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பதினொரு தாள். போன் செய்வதற்காக உங்கள் பெயர்களை அச்செடுத்து வாங்கி, பேசி முடித்தவர்களுக்கு நேரே நீல மையில் டிக் அடித்திருக்கிறார். சிலருக்குப் பக்கத்தில் 'தறி நிற்கும் நேரத்தில் கூப்பிட வேண்டும்' என்றும், 'மகள் எடுத்தால் வைத்துவிட வேண்டும்' என்றும் குறித்திருக்கிறார். ஐந்தாம் தாளில் பாதி வரைதான் டிக் இருக்கிறது. ஆபிரகாமிடம் கேட்டு வாங்கிவந்தேன். கேட்டபோதே, அந்தக் கடிதத்தை அனுப்பியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் உள்ளே போய்த் தாள்களை எடுத்துவந்து கொடுத்தார். வாசல் வரைக்கும் வரவில்லை.

நூறு தடவை யோசித்தும் மிச்சமிருப்பவர்களிடம் மட்டும் பேசினால் போதும் என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. நாளைக் காலையிலிருந்து முதல் தாளில், முதல் பெயரிலிருந்து கூப்பிடப் போகிறேன். டிக் அடித்தவர்களையும் கூப்பிடுவேன். திட்டுவதென்றால் திட்டுங்கள், நான் போனை வைக்க மாட்டேன். நீங்கள் பெரிய மனதோடு எமிலியை மன்னித்தீர்கள். அவரை மன்னிக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.